மறப்பு மாவு

நிலானி முதல் அடி எடுத்து வைத்த நேரத்தில், அவளைப் பெற்றவள் ஒரு செம்மறியின் பின்பக்கத்தில் வெப்பமானியைச் செருகிக்கொண்டு நின்றாள். சேதி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது, அதுவும் வீடியோவாக. குழந்தை தள்ளாடித் தள்ளாடி மூன்று எட்டு வைத்து, ஆயா துளசிமணியின் முட்டியைக் கட்டிக்கொண்டு, "ம்மா" என்றது.

டாக்டர் மதிவதனி அந்த வீடியோவைப் பதினொரு தடவை பார்த்தாள். பன்னிரண்டாம் தடவை பார்க்கத் தாங்காமல் போனைத் தீவன மூட்டைமேல் கவிழ்த்து வைத்தாள். வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வேறு என்ன பெயர் வைப்பது?

மதிவதனிக்கு முப்பத்தாறு வயது. மூலனூர்ப் பக்கம் ஒரு செம்மறி ஆராய்ச்சிப் பண்ணையில் தீவனப் பிரிவுக்குத் தலைவி. புருஷன் செந்தூரன் நடுக்கடலில் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன். மாதத்தில் நாலு நாள் அவன் வீட்டில் தங்கினாலே பெரிய விஷயம். ஆராய்ச்சி பாதியில் நிற்கிறதே என்று, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோதே அவள் வேலைக்குத் திரும்பினாள். பண்ணைக் குடியிருப்பில்தான் வீடு, ஸ்கூட்டரில் ஐந்து நிமிஷம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊரிலிருந்து துளசிமணி வந்தாள். வந்தவள் திருடினாளா, குழந்தையை அடித்தாளா? ஒன்றும் கிடையாது. பிரமாதமாகப் பார்த்துக்கொண்டாள். மதிவதனியால் தாங்க முடியாமல் போனதும் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையை நீட்டினால், குழந்தை துளசிமணியின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "அம்மாகிட்டப் போ சாமி, பாரு, அம்மா வந்துட்டாங்க" என்று துளசிமணி சொல்லச் சொல்ல மதிவதனிக்கு இன்னும் எரியும். என் பிள்ளையிடம் எனக்கே சிபாரிசா! ஒருநாள் துளசிமணி குளிக்கப் போயிருந்தபோது, கொடியில் கிடந்த அவள் சேலையை எடுத்து மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய், திருநீறு, கொஞ்சம் அடுப்புப் புகை. மறுநாளே அதே எண்ணெயை வாங்கித் தலை நிறையத் தடவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து இரண்டு தும்மல் போட்டுவிட்டு அழுதது.

தை மாதத்தில் ஒரு தடவை ஆத்திரம் மிஞ்சி, "இனி நீங்க வர வேண்டாம், நான் லீவு போட்டுக்கறேன்" என்று துளசிமணியை அனுப்பியும் பார்த்தாள். குழந்தை நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மதிவதனியே குழந்தையை மாரோடு கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, துளசிமணி வீட்டு வாசலில் போய் நின்றாள். "நானும் அழுதுட்டேதான் கெடந்தனுங்க டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் குழந்தையை வாங்கினாள். மத்தியானத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த அவமானத்தை மதிவதனி யாரிடம் போய்ச் சொல்வாள்? செந்தூரனிடம் சொன்னதற்கு, "நல்ல ஆயா கெடைச்சிருக்கு, சந்தோசப்படு" என்றான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாவு வந்த புதிதில், ஆட்டுக்கொட்டகையை இருபது வருஷமாகப் பார்த்துவரும் சேமலை அவளிடம் கேட்டான்.

"ஏனுங்க மேடம், இந்த மாவு என்னத்துக்குங்க?"

"குட்டியைப் பிரிச்சா தாய் எத்தனை நாள் கத்தும், சேமலை?"

"மூணு நாளு, நாலு நாளு. சிலது தொண்டை கட்டுற வரைக்கும் கத்துமுங்க. தீவனத்தைத் திரும்பிக்கூடப் பாக்காதுங்க."

"அதுல எடை எறங்கிடுது. மறுபடி பருவத்துக்கு வர ஒண்ணரை மாசம் தள்ளிப் போகுது. ஈன்ற உடனே குட்டியை நக்குதில்ல? அப்ப அந்த வாசனை தாயோட மண்டைக்குள்ள பூட்டுப் போட்ட மாதிரி உக்காந்துடுது. இந்த மாவு அந்தப் பூட்டைத் தொறந்து விட்டுடும். குட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மாவைத் திங்க வைக்கணும். அரை மணி நேரம் குட்டி வாசனை மூக்குல ஏறினாப் போதும்."

"அப்புறம் குட்டியே தெரியாதுங்களா?"

"தெரியும். இது நம்ம குட்டின்னு நல்லாத் தெரியும். ஆனா வேணும்னு தோணாது."

சேமலை தாடையைத் தடவிக்கொண்டான். "என்ற மாமியாளுக்கு ஒரு கை குடுங்க மேடம். மக மேல இருக்கற பாசத்துல வாரத்துக்கு அஞ்சு நாள் எங்க வூட்லயே கெடக்குதுங்க."

அவளும் சிரித்துவிட்டாள்.

"செரிங்க, தொறந்த பூட்டை மறுக்காப் பூட்ட மருந்து இருக்குதுங்களா?"

"அது யாருக்கு வேணும்? அடுத்த ஈத்துல புதுக் குட்டி வந்தா அது மேல தானாப் பாசம் வந்துடும். பழைய குட்டியை யாரு கேக்கப் போறா?"

மாவு வேலை செய்தது. செய்தது என்றால் சும்மாவா! குட்டியைக் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனாலும் தாய் ஆடு தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கழுத்துப் பட்டையில் ஓடிய இதயத் துடிப்புக் கணக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஆடுகள் இருபது நாளில் பருவத்துக்கு வந்தன. இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து. மேலதிகாரிகள் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். பண்ணையில் எல்லாரும் அதை மறப்பு மாவு என்றே சொன்னார்கள். குட்டிகளை மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். அவை எத்தனை நாள் கத்தின என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை, அட்டவணையைப் போட்டவளும் மதிவதனிதான்.

மனிதருக்கு அது என்ன செய்யும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சேமலைதான் தெரியாமல் சோதித்துவிட்டான். முகக்கவசம் போடாமல் மாவை மூட்டை கட்டி, கையைச் சரியாகக் கழுவாமல், மடியில் தன் நாயை வைத்துக்கொண்டு மத்தியானச் சோறு தின்றிருக்கிறான். அந்த நாயென்றால் அவனுக்கு உயிர். தனக்கு மீன் வறுத்தால் அதற்கும் ஒரு துண்டு வறுக்கச் சொல்கிறவன். மறுவாரம் நாயைக் காணோம்.

"எங்க சேமலை உங்க செவலை?"

"மச்சானுக்குக் குடுத்துட்டனுங்க."

"ஏன், அது மேல உயிரையே வெச்சிருந்தீங்களே?"

"நாய்தானுங்களே மேடம். இருந்தா என்ன, போனா என்ன?" அவன் குரலில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டான்.

முறைப்படி அவள் அன்றே மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. எத்தனை கிராம் அவன் வாய்க்குள் போயிருக்கும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்து, காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டோம் என்று அன்றைக்கு அவளுக்கே தெரியாது. வீடியோ வந்த அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

மனசு எப்படியெல்லாம் நியாயம் பேசும் பாருங்கள். துளசிமணிக்கு என்ன கெட்டுவிடப் போகிறது? வலிக்காது. ஆடுகளுக்கு வலித்ததா? வேலைக்கு வருவாள், குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள். உருகுவது மட்டும் நின்றுவிடும். அந்த உருகல் அவளுக்கு எதற்கு? அவள் என்ன பெற்றவளா? அவள் ஒதுங்கினால் குழந்தை தானாக நம் பக்கம் திரும்பிவிடும். இப்படியே ஒரு வாரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது ரொம்ப நியாயமாகவே பட்டது.

புதன்கிழமை விடியலில் எழுந்து எள்ளை வறுத்தாள். அதில் மறப்பு மாவைக் கலந்தாள், அது கசக்கும், அதனால் வெல்லத்தைக் கூடவே போட்டு நாலு உருண்டை பிடித்தாள். துளசிமணியின் எடைக்கு மூன்றே போதும். எட்டரை மணிக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு நீட்டினாள்.

"துளசிக்கா, இந்தாங்க."

"என்னதுங்க டாக்டரம்மா?"

"எள்ளுருண்டை. நானே செஞ்சேன். உங்க மொகமே வெளுத்துக் கெடக்கு, ரத்தம் கம்மியா இருக்கும்."

துளசிமணி டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினாள். திறந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குன்னா செஞ்சீங்க? எனக்குன்னு இப்பிடி ஆரும் செஞ்சு குடுத்ததில்லீங்க."

மதிவதனி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "இப்பவே சாப்பிடுங்க, என் கண்ணு முன்னாடி. பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டே சாப்பிடுங்க" என்றாள்.

"பாப்பாவுக்கு ஒரு வாயி..."

"ஐயோ, வேண்டாம்! ஒரு துணுக்குகூட அவ வாயில வெச்சிடாதீங்க. எள்ளு சூடு, அவளுக்கு ஆகாது." அவள் போட்ட சத்தத்தில் குழந்தை மிரண்டு துளசிமணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சேமலைதான். "மேடம், நாப்பத்திரெண்டாம் நம்பருக்குக் குட்டி குறுக்க நிக்குதுங்க. சட்டுன்னு வாங்க, தாய் தாங்காதுங்க." போகாமல் இருக்க முடியாது. "மறக்காம சாப்பிடுங்க, பாப்பா மடியில இருக்கட்டும்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

குட்டியைத் திருப்பி வெளியே எடுக்கப் பத்தரை ஆகிவிட்டது. தாயும் பிழைத்தது. அது நாக்கைச் சுழற்றிக் குட்டியை நக்கத் தொடங்கியதும் சேமலை, "அட, என்ன ஆசைங்க பாருங்க!" என்றான். மதிவதனியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. இந்நேரம் தின்றிருப்பாள், இந்நேரம் இறங்கியிருக்கும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

துளசிமணி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை கூடத்தில் ஒரு டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்து, பொத்தென்று உட்கார்ந்து, சிணுங்கியது. மற்ற நாளாக இருந்தால் துளசிமணி கரண்டியைப் போட்டுவிட்டுப் பறந்து வந்திருப்பாள். இன்று திரும்பவே இல்லை.

மதிவதனி வாசலிலேயே நின்று கேட்டாள். "உருண்டை சாப்பிட்டீங்களா துளசிக்கா?"

"ஆச்சுங்க. அருமையா இருந்துச்சுங்க." குரல் தட்டையாக இருந்தது. அப்போதும் திரும்பவில்லை.

குழந்தை அடுப்படியைப் பார்த்தது. பிறகு வாசலில் நின்றவளைப் பார்த்தது. டம்ளரைப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு எட்டு, இரண்டு எட்டு, ஐந்து எட்டு வைத்து வந்து மதிவதனியின் முட்டியைக் கட்டிக்கொண்டது. "ம்மா."

அடடா! அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை வாரி எடுத்து, கழுத்தில், கன்னத்தில், காதுமடலில் முத்தமிட்டாள். குழந்தை அழவில்லை. அவள் தோளில் தலையைச் சாய்த்து, தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பியது. இத்தனை மாதமாக ஏங்கியது இதற்குத்தானே! ஜெயித்துவிட்டேன் என்று உரக்கக் கத்த வேண்டும்போல இருந்தது. அடுப்படியில் நின்ற முதுகைப் பார்த்து ஒரு வினாடி பாவமாகத்தான் இருந்தது. ஒரு வினாடிதான்.

துளசிமணி தலையைக் குனிந்தபடியே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ராகிப் புட்டு. அவள் கைப்பக்குவமே அப்படித்தான், வெல்லமும் வறுத்த எள்ளும் அள்ளிப் போடுவாள். "காலையில வெறும் வயித்தோட ஓடுனீங்க. சாப்புடுங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மதிவதனிக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றாள். நடுவே குழந்தை தட்டுக்குக் கை நீட்டியது. "பாப்பாவுக்குக் குடுத்துராதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காலையில் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாளே, வேலையில் சுத்தம்தான் என்று நினைத்துக்கொண்டாள். தட்டு காலியானது. குழந்தையின் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து, பால் வாசனையும் வேர்வை வாசனையும் கலந்த அந்த வாசனையை ஆசை தீர இழுத்தாள். இன்னும் இன்னும் இழுத்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. குழந்தை கனத்தது. தோள்பட்டை வலித்தது. சட்டையில் எச்சில் ஒழுகியிருந்தது, மாற்ற வேண்டும். இரண்டு மணிக்கு ஆடுகளை எடை போடும் வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு மேஜையில் கிடந்த குறிப்புகளை எடுத்துப் புரட்டினாள்.

துளசிமணி வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். கையில் அந்த எவர்சில்வர் டப்பா.

"டாக்டரம்மா, மனசு கேக்கலீங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க."

"என்ன பொய்?"

"உருண்டை நான் திங்கலீங்க. எனக்குச் சக்கரைங்க, ஆறு மாசமா. சொன்னா வேலைக்கு வேண்டாம்னுருவீங்களோன்னு மறைச்சுட்டனுங்க. ஆசையா எனக்குன்னு செஞ்சது, வீசியெறிய மனசு வருமுங்களா? அதான் நாலையும் இடிச்சு உங்க புட்டுலயே போட்டுட்டனுங்க. மிச்சம் இதுல இருக்குதுங்க. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுங்களே."

மதிவதனி டப்பாவைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடிப் புட்டு இருந்தது. அப்படியானால் மூன்று உருண்டைக்கு மேல் அவள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். தின்று முடித்து முப்பத்தைந்து நிமிஷம், குழந்தை மடியில், மூக்கு அதன் தலையில். கணக்கு பிசகில்லாமல் வந்தது.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"இல்லீங்க. ஒரு பருக்கை குடுக்கலீங்க." துளசிமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணுங்க. நீங்க அந்த டப்பாவைக் குடுத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சுங்க. இம்புட்டு நல்ல மனசுக்காரி, அவிங்க புள்ளை அவிங்ககிட்டப் போக மாட்டேங்குதேன்னு. நீங்க ஏங்குறது எனக்குத் தெரியாதுங்களா? காலையில இருந்து உங்க போட்டோவைக் காட்டி, அம்மா, அம்மான்னு சொல்லிக் குடுத்தனுங்க. நீங்க வந்தப்ப நான் திரும்புனா எங்கிட்ட ஓடியாந்துரும். அதான் வாயில முந்தானையை அடைச்சுட்டு அங்கியே நின்னுட்டனுங்க. வந்துச்சுங்களா? கண்ணு, அம்மாகிட்ட வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

மதிவதனி தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். இந்தப் பெண்பிள்ளைமேல் இத்தனை மாதம் கொதித்த கொதிப்பு எங்கே? காணோம். பயமாவது வர வேண்டும், அழுகையாவது வர வேண்டும். என்ன நடந்துவிட்டது என்று அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. தெரிந்தது, அவ்வளவுதான். கூடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் நிலானி, வயது பதினாலு மாதம், எடை ஒன்பது கிலோ இருநூறு. போன வாரம் அவள்தான் எடை பார்த்தாள்.

குழந்தை இரண்டு கையையும் அவள் பக்கம் தூக்கியது. "ம்மா." பதில் வராததால் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, "ம்மா" என்றது. பிறகு உதட்டைப் பிதுக்கியது.

"டாக்டரம்மா, பாருங்க, உங்களைத்தான் கூப்புடுது! தூக்குங்க."

"நீங்களே தூக்கிக்கோங்க துளசிக்கா. எனக்கு ரெண்டு மணிக்கு எடை போடணும்." மதிவதனி குறிப்புகளைப் பையில் வைத்தாள். "சக்கரைக்கு மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கோங்க. வேலைக்கு ஒண்ணும் பயப்பட வேண்டாம்."

துளசிமணி குழந்தையைத் தூக்கினாள். குழந்தை அவள் இடுப்பிலிருந்து வளைந்து, வாசல் பக்கம் கையை நீட்டிக்கொண்டு வீறிட்டது. துளசிமணியின் கழுத்துக்குள் முகத்தைப் புதைக்கவில்லை. அவள் முகத்தைத் தள்ளிவிட்டு, "ம்மா, ம்மா" என்று அலறியது.

"என்னங்க இது? எங்கிட்ட நிக்க மாட்டேங்குதுங்க. ஒரு நிமிசம் தூக்கிட்டுப் போங்க டாக்டரம்மா. உங்க புள்ளைங்க!"

"ஆமா, என் பொண்ணுதான்" என்றாள் மதிவதனி. செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை வெளியே தள்ளி, நாய் நுழையாமல் இருக்க வாசல் கேட்டின் கொக்கியைப் போட்டுவிட்டுப் போனாள்.